தண்ணீரில் தவிப்பவரைக் காப்பாற்ற: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். யாராவது மூழ்கினால் குதித்துத் தூக்கலாமா? (மஸ்கெலியா)

பதில்: குதிக்காதீர்கள். மூச்சுக்குத் தவிப்பவர் உங்கள் கழுத்தைத்தான் பிடிப்பார், இரண்டு பேரும் போய்விடுவீர்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. எந்தச் சுவரில் கால் சிக்கும் என்று யாருக்குத் தெரியும்? கரையில் குப்புறப் படுத்து மூங்கிலையோ சேலையையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால், மூடி இறுக்கிய வெறும் கேனில் கயிறு கட்டி வீசுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் ஆற்றில் குளிக்கிறார்கள். முழங்கால் தண்ணீர்தான், வெயிலும் அடிக்கிறது. பயப்பட வேண்டுமா? (தலவாக்கலை)

பதில்: வெயில் உங்கள் ஊரில். ஆற்றின் மேல்பக்கம், அக்கரப்பத்தனையில் மழை கொட்டினால்? மேல் கொத்மலை அணையின் வான்கதவு திறந்தால் அணைக்குக் கீழே நிற்பவருக்கு ஓட நேரமிருக்காது. தண்ணீர் கலங்கினால் உடனே மேட்டுக்கு ஏறச் சொல்லுங்கள்.

கேள்வி: மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். சரியா? (பொகவந்தலாவை)

பதில்: தவறு. ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறேன், இன்னும் லயத்துக்கு லயம், தோட்டத்து வரிசை வீடுகளில், இதையேதான் செய்கிறார்கள். உயிரை எடுப்பது வயிற்றில் உள்ள தண்ணீர் இல்லை, மூச்சு நின்றுபோவதுதான். வயிற்றை அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். சில நிமிடங்களில் மூளை கெட ஆரம்பித்துவிடும், அந்த நேரத்தையா பிள்ளையைச் சுழற்றி வீணாக்குவது? மட்டமான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கப் பத்து வினாடி போதும். இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாயில் 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல், அப்படியே தொடருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு. பெரியவருக்கு இரண்டு அங்குல ஆழம், பிள்ளைக்கு நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு. வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். கை சோர்ந்தால் ஆள் மாறுங்கள். அம்புலன்ஸ் தோட்டத்துப் பாதையில் ஏறிவர நேரமாகும், அதுவரை நிறுத்தவே கூடாது.

கேள்வி: மூழ்குபவர் கத்துவாரா? (ஹட்டன்)

பதில்: பெரும்பாலும் கத்தமாட்டார், மூச்சுக்கே வழியில்லை. சத்தமில்லாமல் தலை மேலும் கீழுமாகப் போனால் அதுதான் அடையாளம். அப்போதும் குதிக்காதீர்கள்.

கேள்வி: ஆள் எழும்பித் தேநீரும் குடித்துவிட்டார். ஆஸ்பத்திரி எதற்கு? (நோர்வூட்)

பதில்: நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம். கொண்டுபோங்கள்.

கேள்வி: யாராவது ஆற்றில் விழுந்தால் உடனே உங்களுக்கு எழுதலாமா? (பெயர், ஊர் இல்லை)

பதில்: கடிதம் எழுதும் நேரமா அது? அம்புலன்ஸுக்கு 1990க்கு அடியுங்கள், பொலிசுக்கு 119. ஊர், தோட்டம், டிவிஷன் மூன்றையும் சொல்லி, சந்தியில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.