புதுக் கட்டடமா, பழைய ஆய்வகமா?

நுண்கலைத் துறைப் பேராசிரியை ஒருவர் கேட்கிறார்: "எங்கள் பல்கலைக்கழகத்தில் எழுபது, எண்பது ஓவியங்கள் பீரோ மேலும் கதவுக்குப் பின்னாலும் கிடக்கின்றன. அருங்காட்சியகம் அமைக்க நிர்வாகம் கொஞ்சம்தான் பணம் தருகிறது. புதிதாகக் கட்டலாமா, பூட்டிக் கிடக்கும் வேதியியல் ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளலாமா?"

ஆய்வகம்தான், மழைத்தண்ணீர் தேங்காத தரைத்தளமாக இருந்தால். மொட்டை மாடிக்கு நேர் கீழே என்றால் வேண்டாம், வெயிலையும் ஒழுகலையும் சமாளிக்கவே பணம் போய்விடும். பழைய கட்டடம் கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் அமெரிக்காவின் பெர்க்லி நகரைக் காட்டுங்கள். அங்கே கலிபோர்னியா பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்துக்காக ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டொயோ இட்டோ போட்டுக் கொடுத்த வடிவமைப்பு, செலவு கட்டுப்படியாகாமல் 2009-இல் கைவிடப்பட்டது; பிறகு 1939-இல் கட்டிய ஓர் அச்சகத்தைச் சீரமைத்து, கொஞ்சம் புதிதாகவும் சேர்த்துக் கட்டி 2016-இல் திறந்தார்கள். அதற்கே 11.2 கோடி டாலர் ஆயிற்று, அவர்களுடைய சிக்கனம் அப்படி!

சரி, உங்கள் அறைக்கு வருவோம். தண்ணீர், கேஸ் குழாய்களைத் திருகி மூடினால் போதாது, வெளியிலேயே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அப்புறம் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை வெளிச்சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவர் ஓதம் காக்கிறது, அதில் படம் மாட்டக் கூடாது. இந்தச் சோதனையை மழைக்காலத்தில் செய்தால்தான் உண்மை தெரியும்.

ஏசி விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பகலில் ஓட்டி, ஐந்து மணிக்கு அணைத்துவிட்டுப் போனால் ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கும். கேன்வாஸ் தளர்ந்து இறுகி, வண்ணத்தில் வெடிப்பு விழும். இரவும் ஓட்ட வசதியில்லையா, ஏசியே வேண்டாம், ஃபேனும் நல்ல காற்றோட்டமும் மேல். வெளிச்சத்துக்கு எல்இடி போதும். நீர்வண்ணம், காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (படத்தின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை. லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், பெரிய விலையில்லை. ஜன்னல்களுக்குக் கனமான திரை.

மிச்சப் பணத்தில் பாதியையாவது சேமிப்பறைக்கு ஒதுக்குங்கள். படங்களைச் செங்குத்தாகச் செருகி வைக்கும் தட்டுகளைத் தச்சரே செய்துவிடுவார். தரையிலிருந்து அரை அடி உயரமாவது இருக்கட்டும், கரையானும் இராமபாணப் பூச்சியும் வந்தால் கண்ணில் படும். ஒவ்வொரு படத்துக்கும் எண், அளவு, புகைப்படம், யார் கொடுத்தது என்று ஒரு பதிவேடு இப்போதே தொடங்குங்கள், அதற்குக் கட்டடம் தேவையில்லை.

முக்கியமாக, ஆய்வகக் கதவின் அகலத்தை இன்றே அளந்து பாருங்கள். பெரிய கேன்வாஸ் வாசலில் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஜன்னல் கம்பியை அறுத்த கதை எனக்கு உண்டு.