உறைமோர் கேட்டுப் போய்க் கதவைத் தட்டுங்கள்

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் 12 பேர். அதில் ஒருத்தியை அவள் கணவன் அடிப்பது தெருவுக்கே தெரியும். போன வாரம் தவணைக் கூட்டத்துக்கு முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு வந்தாள். கேட்டால் 'மாடு முட்டிவிட்டது' என்கிறாள். அவள் வீட்டில் மாடே இல்லை. 'புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் தலையிடாதீர்கள்' என்கிறார்கள் எங்கள் வீட்டு ஆண்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த இல்லாத மாட்டைப் பற்றி அவளிடம் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். கூட்டத்தின் நடுவில் நிச்சயமாக வேண்டாம். தண்ணீர் பிடிக்கப் போகும்போதோ வேலைக்குப் போகும் வழியிலோ தனியாக, 'எந்த நேரமானாலும் என் வீட்டுக்கு வா' என்று மட்டும் சொல்லிவையுங்கள். அவள் ஒன்றும் பேசாமல் போகலாம். ஆனால் மறக்கமாட்டாள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். உங்கள் 12 பேருக்குக் கணக்குப் போட்டால் நான்கைந்து பேர். எனவே குழுவில் இந்தப் பேச்சு எழும்போது ஒருத்தியை மட்டும் சுட்டிப் பேசாதீர்கள்.

ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம் என்பேன். என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் பேசி, கோயிலில் கயிறு கட்டி, இனிக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். மனைவிக்கு 'அனுசரித்துப் போம்மா' என்று புத்திமதி. பத்தாம் நாள் 'என்னைச் சபையில் நிறுத்தினாயா' என்று அதற்கும் சேர்த்து அடித்தார். குடிதான் காரணம் என்பதையும் நான் முழுதாக நம்பவில்லை. எவ்வளவு குடித்தாலும் ரோந்து போலீஸ்காரரைக் கண்டால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளும் நிதானம் இருக்கிறது. அது வீட்டு வாசலில்தான் காணாமல் போகிறது.

சத்தம் கேட்கும் இரவில் என்ன செய்வது? 2008-இல் 'பெல் பஜாவோ' என்றொரு பிரசாரம் வந்தது. பக்கத்து வீட்டில் அடி விழுந்தால் போய் அழைப்பு மணியை அடித்து, கொஞ்சம் பால் கிடைக்குமா என்று கேட்பது, அவ்வளவுதான். நம் தெருவுக்கு உறைமோர் இருக்கிறதே! இரவு ஒன்பது மணிக்கு உறைமோர் கேட்டு வருபவளை யாரும் சந்தேகிக்க முடியாது. ஓங்கிய கை ஒரு நிமிடம் தாழும். இரண்டு பேராகப் போங்கள், வாசலிலேயே நில்லுங்கள், அவனுக்கு உபதேசம் செய்யாதீர்கள். அவன் கையில் அரிவாளோ கட்டையோ இருந்தால் மோரை மறந்துவிட்டு 112-ஐ அழையுங்கள்.

தலையிடாதே என்னும் ஆண்களுக்கு ஒரு தகவல். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்தாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வராது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் அந்த அலுவலரைப் பார்க்கலாம். 181 மகளிர் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆனாலும் உயிருக்கு ஆபத்தான வேளை தவிர, அவளைக் கேட்காமல் புகார் எழுதாதீர்கள். இரவு அந்த வீட்டுக்குள் இருக்கப்போவது நீங்கள் அல்ல, அவள்தான்.

வீடு அவன் பெயரில் இருப்பதால் வெளியே தள்ளிவிடுவான் என்று பயப்படுகிறாளா? இதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை தருகிறது. காயத்துக்கு மருத்துவமனை போனால் மருத்துவரிடமாவது உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். அங்கும் மாடு முட்டியதாகவே பதிவானால் பிற்பாடு நீதிமன்றத்தில் அவளுக்குத்தான் சங்கடம். பிரிந்து போக முடிவெடுத்தால் அதைத் தெருவில் பேசாதீர்கள். கிளம்பும் நேரத்தில்தான் அடிப்பவனின் மூர்க்கம் கூடும்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களும், மாற்றுச் சேலை ஒன்றும், பஸ்ஸுக்குக் கொஞ்சம் பணமும் உங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கட்டும். இந்த மாதம் அவள் தவணை தாமதமானால் கூட்டத்தில் பெயரை உரக்க வாசிக்காதீர்கள். குழுக் கடனுக்காக அவள் கையெழுத்துப் போட வந்தால், பணம் யாருக்கு என்று தனியே கூப்பிட்டு ஒருமுறை கேளுங்கள்.