ரெப்ரோ கார்ட்ரிட்ஜும் போலி கார்ட்ரிட்ஜும் ஒன்றா?

இல்லை. பழைய வீடியோ கேமைப் புதிய கார்ட்ரிட்ஜின் (கேம் கருவியில் செருகும் சிறு பெட்டி) சிப்பில் ஏற்றி, நகல் என்று சொல்லியே விற்பது ரெப்ரோ. அசல் என்று ஏமாற்றி விற்பது போலி. கவரிங் நகையைக் கவரிங் என்று விற்பதற்கும் தங்கம் என்று விற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அசலுக்கு விலை ஏறியதும் போலிகள் பெருக ஒரு காரணம். கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் கருவிக்கு 2004-இல் ஜப்பானில் வந்த போகிமான் எமரால்டு கேமைப் பாருங்கள். அசலில் நாம் ஆடியதன் சேமிப்பு, மின்சாரம் இல்லாமலும் அழியாத ஃபிளாஷ் மெமரியில் இருக்கும். பேட்டரி உள்கடிகாரத்துக்கு மட்டும். பல போலிகளிலோ சேமிப்பே பேட்டரியை நம்பித்தான் இருக்கும். அது தீர்ந்தால் ஆசையாக வளர்த்த போகிமான்கள் மொத்தமும் போச்சு! எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அப்புறம், தொடங்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் வந்தாலே போலி எனப் பலர் நினைக்கிறார்கள். அசலிலும் அந்தச் செய்தி வரும், கடிகாரம் மட்டும்தான் நிற்கும்.