உரித்ததும் கெட்டதும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யாத்திராகமம் 12:36இல், இஸ்ரவேலர் எகிப்தியரை ‘ஸ்பாயில்’ செய்தார்கள் என்றிருக்கிறது. எனக்குத் தெரிந்து ஸ்பாயில் ஆவது பாலும் பிள்ளைகளும்தான். இது வேறு சொல்லா? எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச்சொல் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரே சொல்தான். தமிழ் வேதாகமத்தில் அதே வசனத்தைப் பாருங்கள், ‘கொள்ளையிட்டார்கள்’ என்றிருக்கும். அதுதான் மூத்த பொருள். கெட்டுப்போவதெல்லாம் பிறகு வந்தது.

லத்தீனில் ‘ஸ்போலியும்’ என்றால் விலங்கிலிருந்து உரித்த தோல். நம்மிடமும் உரிப்பது உரி, உரித்த தோலும் உரி. யானை உரி போர்த்தவன் என்று சிவனைப் பாடியிருக்கிறார்களே. ரோமானியர்களுக்குக் களத்தில் விழுந்தவனின் கவசத்தையும் வாளையும் கழற்றுவதும் உரிப்புதான். எதிரிப் படையின் தலைவனைத் தன் கையாலேயே கொன்ற தளபதி, அந்தக் கவசத்தை ஜூபிடர் கோயிலில் கொண்டுபோய் வைப்பான். அந்தப் பெருமையை ரோம் மூன்றே பேருக்குத்தான் கொடுத்தது. முதல் ஆள் ரோமுலஸ் என்பது புராணக் கணக்கு. கடைசி ஆள் மார்செல்லஸ், கி.மு. 222.

கொள்ளை போன வீட்டை நினைத்துப்பாருங்கள். கதவு பெயர்ந்து, பெட்டி கவிழ்ந்து, துணிமணி தரையெல்லாம் இறைந்து கிடக்கும். எடுத்துப்போனவனுக்கு ஆதாயம், வீட்டுக்குச் சேதம். சொல் மெல்ல மெல்லச் சேதத்தின் பக்கம் சாய்ந்தது. அப்புறம் கொள்ளைக்காரனே தேவைப்படவில்லை. பால் தானாகவே ‘ஸ்பாயில்’ ஆயிற்று. எனக்கு வேடிக்கையாகப் படுவது பிள்ளை விஷயம். பறிப்பதற்கென்று பிறந்த சொல், கொடுத்துக் கொடுத்தே கெடுப்பதற்கும் ஆகிவிட்டதே!

கொள்ளைப் பொருளும் முற்றாகச் சாகவில்லை. அமெரிக்காவில் தேர்தலில் வென்ற கட்சி அரசுப் பதவிகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டதை ‘ஸ்பாயில்ஸ்’ முறை என்றார்கள். பதவி கிடைக்காத ஒருவன் 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். 1883இல் அந்த முறைக்குக் கடிவாளம் போடச் சட்டம் வந்தது.

விமானம் தரை தொட்டதும் இறக்கையின் மேல் சில தகடுகள் எழும்பி நிற்பதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். அவற்றின் பெயர் ‘ஸ்பாய்லர்’. இறக்கையைத் தூக்கிப்பிடிக்கும் விசையைக் கெடுப்பதுதான் அவற்றின் வேலை.

ஆகவே ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடி அலையாதீர்கள். பால் திரிந்தது, வாக்கு செல்லாதது, பிள்ளைக்குச் செல்லம் அதிகம். படத்தின் முடிவைப் போட்டு உடைப்பவருக்கு மட்டும் அந்த வேதாகமத்தின் பொருளையே வைத்துக்கொள்ளலாம். அதில் ‘ஸ்பாய்லர்’ என்றால் கொள்ளைக்காரன்.