சர்வர் படுத்துருச்சா? போன் போடறதுக்கு முன்னாடி இதை எடுத்து வைங்க – கேள்வி பதில்

கோயமுத்தூர்ல 18 வருசமா சர்வர் பராமரிப்புதான் எனக்குத் தொழில். ஹார்டுவேர் கோளாறுன்னா சர்வர் வித்த கம்பெனிக்குச் சொல்றதுக்கு முன்னாடி என்னென்ன தயார் பண்ணணும்னு சுத்துப்பட்டு ஊர்க்காரங்க கேட்டதும், நான் சொன்னதும் கீழ இருக்குங்க.

பல்லடம், நூல் மில்: அண்ணா, நேத்து ராத்திரி சர்வர் தானா ஆஃப் ஆகி ஆன் ஆயிருச்சுங்க. முன்னாடி ஆரஞ்சு லைட் எரியுது. கம்பெனியில ‘லாக் அனுப்புங்க’ங்கறாங்க. எந்த லாக்குங்ணா?

அந்த லைட்டை அணைக்கறதுக்காக லாக்கை மட்டும் கிளியர் பண்ணிப்போடாதீங்க. லாக்குங்கறது மிஷின்ல எப்ப என்ன நடந்துச்சுன்னு தானா எழுதி வைக்கற பதிவு. உங்க கையில இருக்கற சாட்சியே அதுதான்.

விண்டோஸோ லினக்ஸோ படுத்துட்டாலும் முழிச்சுக்கிட்டு இருக்கற குட்டி கன்ட்ரோலர் ஒண்ணு சர்வருக்குள்ள தனியா இருக்குதுங்க. டெல்லுல ஐடிராக், எச்பிஇல ஐலோ, லெனோவோல எக்ஸ்கிளாரிட்டின்னு பேரு. பிரவுசர்ல அதோட ஐபி அட்ரஸைப் போட்டு உள்ள போங்க. டெல்லுன்னா சப்போர்ட்அசிஸ்ட் கலெக்‌ஷன் ஓட்டுங்க, ஒரு ஜிப் ஃபைல் கிடைக்கும். எச்பிஇன்னா ஆக்டிவ் ஹெல்த் சிஸ்டம் லாக். அதுல கோளாறு நடந்த தேதி அடங்கற மாதிரி தேதி குடுத்து இறக்குங்க. லெனோவோல சர்வீஸ் டேட்டான்னு இருக்கும்.

உங்களுது நூல் மில்லுங்கறதால இன்னொண்ணும் சொல்றேன். அதே கன்ட்ரோலர்ல ‘சென்சார்’ங்கற பக்கத்தைத் திறந்து ஃபேன் வேகமும், உள்ள போற காத்தோட சூடும் எவ்வளவுன்னு பாருங்க. முன் ஜாலியில பஞ்சு அடைச்சா காத்துப் போக வழியில்லாம சூடேறி, மிஷின் தன்னைக் காப்பாத்திக்கத் தானே நின்னுரும். ஆனா லாக்கும் போட்டோவும் எடுத்த பொறவுதான் பஞ்சை ஊதணும்.

திருப்பூர், பனியன் கம்பெனி: லினக்ஸ் சர்வருங்க. மெமரி எர்ரர் வந்துச்சு, ரேமைக் கழட்டி மாத்தி மாட்டிட்டேன். தப்புங்களா?

மாத்திப் பாக்கறது நல்ல சோதனைதானுங்க, ஆனா முதல்ல எழுதி வைக்கணும். ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில நான் இதே தப்பைப் பண்ணுனேன். நாலு ரேமையும் ஒரே நேரத்துல கழட்டி, எது எங்க இருந்துச்சுன்னு குறிக்காமலே திரும்ப மாட்டிட்டேன். லாக்ல ஸ்லாட் பேரு இருந்துச்சு, அந்த ஸ்லாட்ல அப்ப இருந்தது எந்த ரேம்னு சொல்ல எனக்கு வழியில்ல. நான் சொன்னதை நம்பிப் புது ரேம் அனுப்பினாங்க, கடைசியில கோளாறு மதர்போர்டுல. ரெண்டு நாள் அந்த ஆஸ்பத்திரி கவுன்டர்ப் பிள்ளைங்க கையால எழுதித்தான் பில்லு போட்டாங்க. இன்னைக்கும் நினைச்சா மனசு கஷ்டமா இருக்குது.

அதனால ரேம் மேல ஒட்டியிருக்கற சீரியல் நம்பரையும் ஸ்லாட் பேரையும் குறிச்சுக்கிட்டு, ஒண்ணே ஒண்ணை மட்டும் இடம் மாத்துங்க. எர்ரர் ரேமோட கூடவே போச்சுன்னா ரேம் கெட்டிருக்கு. பழைய ஸ்லாட்லயே நின்னுச்சுன்னா போர்டையோ பிராசசரையோ சந்தேகப்படணும். திருத்தக்கூடிய எர்ரரா, திருத்த முடியாததான்னும் லாக்ல போட்டிருக்கும், அதை அப்படியே சொல்லுங்க. லினக்ஸ்ல ஐபிஎம்ஐடூல் (ipmitool) கட்டளை காட்டற ஹார்டுவேர் ஈவென்ட் பட்டியல், டிமெஸ்ஜி (dmesg) காட்டற கெர்னல் செய்திகள், மிஷின் இதுக்கு முந்தி ஆன் ஆகி ஓடுனப்ப பதிவான ஜர்னல், சிஸ்டம் விவரத்தை மொத்தமாத் திரட்டித் தர்ற எஸ்ஓஎஸ் ரிப்போர்ட் நாலையும் சேத்து அனுப்புங்க.

கரூர், ஏற்றுமதி நிறுவனம்: ரெய்டு 5ல ஒரு டிஸ்க் போச்சு, இன்னொண்ணுல மஞ்சள் லைட். பிடுங்கிச் சொருகிப் பாக்கலாமா?

தொடாதீங்க! ரெய்டுங்கறது பல டிஸ்க்கைச் சேத்து ஒண்ணா ஓட்டற முறை. அதுல ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனா மட்டும்தான் தாங்கும், ரெண்டாவதும் வெளிய வந்தா மொத்தமும் போயிரும். இப்ப முதல் வேலை பேக்கப். அடுத்தது ரெய்டு கன்ட்ரோலர் லாக், ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னோட உடம்பு நெலமையைத் தானே குறிச்சு வைக்கற ஸ்மார்ட் விவரம். ‘ஃபாரின் கான்ஃபிக்’, அதாவது டிஸ்க்குல இருக்கற ரெய்டு அமைப்பு கன்ட்ரோலருக்குத் தெரிஞ்சதோட ஒத்துப் போகலைன்னு கேட்டா, கிளியர் பண்ண வேண்டாம், சப்போர்ட் ஆளை லைன்ல வச்சுக்கிட்டு முடிவெடுங்க. கெட்ட டிஸ்க் எதுன்னு எண்ணிப் பாத்து எடுக்காதீங்க. பல மிஷின்ல எண் 0ல இருந்து ஆரம்பிக்கும், நல்ல டிஸ்க்கு கைக்கு வந்துரும். கன்ட்ரோலர்ல அந்த டிஸ்க்குக்கு ‘பிளிங்க்’ குடுத்து, எதோட லைட் மின்னுதுன்னு பாத்து எடுங்க.

நாமக்கல், தீவன ஆலை: ராத்திரி 2 மணிக்கு நின்னுச்சு, லாக்ல முந்தின நாள் ராத்திரி 8.30ன்னு இருக்குங்களே?

கன்ட்ரோலர் கடிகாரம் கிரீன்விச் நேரத்துல ஓடுதுங்க. 5.30 மணி நேரம் கூட்டினா உங்க 2 மணி வந்துரும். ரெண்டு நேரத்தையும் மெயில்ல எழுதிருங்க.

பொள்ளாச்சி: போன்ல முதல்ல என்ன கேப்பாங்க?

டெல்லுல 7 எழுத்து சர்வீஸ் டேக், எச்பிஇல சீரியல் நம்பரும் புராடக்ட் நம்பரும். மிஷின் இப்ப நிக்கற இடத்து விலாசம், பின்கோடு, அவங்க அனுப்பற பொருளை வாங்கி வைக்கற ஆளு. சர்வீஸ் ஒப்பந்தப்படி ஆள் வர்றது 4 மணி நேரத்துலயா, அடுத்த வேலை நாளான்னு முன்னாடியே பாத்துக்கங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுன்னா கம்பெனி பதிவுல உங்க பேருக்கு மாத்தியிருக்கணும், இல்லீனா அங்கயே நேரம் போகும்.

ஈரோடு, ஜவுளி மொத்த வியாபாரம்: லாக் அனுப்புனா எங்க கணக்கு வெளிய போயிருமாண்ணா?

ஹார்டுவேர் லாக்ல கணக்குப் புத்தகம் இருக்காதுங்க, சர்வர் பேரு, ஐபி மாதிரி விவரம் போகலாம். மெமரி டம்ப் அப்படி இல்ல. மிஷின் படுத்த நேரத்துல மெமரியில இருந்ததோட நகல் அது, பாஸ்வேர்டு கூட அதுல இருக்கலாம். கேட்டாலும் முதலாளிகிட்ட எழுத்துல சம்மதம் வாங்காம அனுப்பாதீங்க.

அவிநாசி: எங்களுது ஆனே ஆகலைங்க. லாக் எப்படி எடுக்கறது?

கரண்ட் கேபிள் சொருகியிருந்தா கன்ட்ரோலர் மட்டும் பெரும்பாலும் எந்திரிச்சிருக்கும், அதோட தனி நெட்வொர்க் போர்ட்ல லேப்டாப்பைச் சொருகிப் பாருங்க. அதுவும் பேசலைன்னா வேற சாக்கெட், வேற கேபிள். பவர் சப்ளை ரெண்டு இருந்தா ஒண்ணொண்ணா சொருகி, பின்னாடி எந்த லைட் என்ன நிறத்துல, எப்படி மின்னுதுன்னு செல்போன்ல வீடியோ எடுத்து அனுப்புங்க.