ஜோனாஸுக்கு மார்த்தா என்ன முறை?

கேள்வி: மகள் சொன்னாள் என்று நெட்ஃபிளிக்ஸில் 'டார்க்' என்ற ஜெர்மன் காலப்பயண சீரிஸ் பார்க்க ஆரம்பித்தேன். ஆபீஸ் போக வர ஹார்பர் லைன் ரயிலில், போனில்தான். இரண்டாவது சீசனில் யார் யாருடைய பிள்ளை என்றே பிடிபடவில்லை. இருபது வருஷமாக சீரியல் பார்க்கிறவளுக்கு இது ஏன் மண்டையில் ஏறவில்லை? வயதாகிவிட்டதா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வயதெல்லாம் காரணம் இல்லை. தினசரி சீரியல், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்க்கிறவருக்கும் புரியவேண்டும் என்று எழுதப்படுவது. நேற்று நடந்ததை மாமியார் ஒருமுறை, பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை சொல்லிவிடுவார்கள். 'டார்க்' எழுதியவர்களோ, விட்டதைப் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். 1953, 1986, 2019 என்று 33 வருஷ இடைவெளியில் காலம் தாவுகிறது, நான்கு குடும்பம், ஒரே ஆளுக்கு வயதுக்கு ஒரு நடிகர். இதை குர்லாவில் கூட்டம் ஏறி இடிக்கும்போது சப்டைட்டில் படித்துக்கொண்டே பார்த்தால் யாருக்குப் புரியும்?

ஒரு தாளை எடுத்து நம் உறவுமுறையில் எழுதுங்கள். மாதுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் சித்தப்பா மச்சினன் வரை ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடுகிறவர்கள்தானே நாம்! 2019இல் காணாமல் போகிற சிறுவன் மிக்கெல் 1986இல் மாட்டிக்கொண்டு, அங்கேயே வளர்ந்து, கதாநாயகன் ஜோனாஸுக்கு அப்பாவாகிறான். மிக்கெலின் அக்கா மார்த்தா. அப்படியென்றால் ஜோனாஸ் காதலிக்கிற மார்த்தா அவனுக்குச் சொந்த அத்தை. இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பாருங்கள், அவன் அவளிடமிருந்து ஏன் விலகுகிறான் என்பது நெஞ்சில் இறங்கும்.

அப்புறம், ரயிலில் வேண்டாம். இரவில் மகளோடு ஒரே ஒரு எபிசோடு போதும், முடிந்ததும் பேசுங்கள். தொண்ணூறுகளில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' சீரியலும் ஒரு சிறுவனின் காலத்துக்கும் அவன் பெரியவனான காலத்துக்கும் மாறி மாறித்தான் போனது. வாரம் ஒரு எபிசோடு வந்ததால், நடுவில் பேசிப் பேசியே நம் வீடுகளில் அதைப் புரிந்துகொண்டோம்.

கேள்வி: கதையைக் குழப்பினால்தான் நல்ல சீரிஸ் என்றாகிவிட்டதா?
- வாசகர், தாராவி

பதில்: இல்லவே இல்லை. 2002 முதல் 2008 வரை வந்த அமெரிக்க போலீஸ் சீரிஸ் 'தி வயர்' 60 எபிசோடும் நேர்க்கோட்டில்தான் போகிறது. போதை விற்கும் தெருமுனையில் தொடங்கி துறைமுகம், நகர நிர்வாகம், பள்ளிக்கூடம், பத்திரிகை என்று சீசனுக்கு ஓர் இடமாக பால்டிமோர் ஊரே விரிகிறது. நான்காவது சீசனில் ராண்டி என்ற பள்ளிப் பையன் நம்பிச் சொன்ன விஷயத்தை ஒரு போலீஸ்காரர் அலட்சியமாக வெளியே விட்டுவிடுவார், அந்தப் பேச்சு தெருவில் பரவி, கடைசியில் அவன் வீடே எரியும். புதிர் எதுவும் இல்லாமலே என்னைத் தூங்கவிடாத காட்சி அது.