பழைய வீட்டை விற்கும் முன் 6 லட்சம் செலவழிக்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் ஐயா காலத்து வீடு. பங்காளிகள் நான்கு பேர், ஒருவர் மலேசியாவில். விற்கப்போகிறோம். ஆட்கள் பார்க்க வரும்முன் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் (கையால் செய்த பூவேலைக் கல்) பெயர்த்து டைல்ஸ் போட்டு, சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்க 6 லட்சம் ஆகுமாம். நகைக்கடன் வாங்கிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கல்லுக்காகவும் தேக்குத் தூணுக்காகவும்தான் செட்டிநாட்டு வீட்டைத் தேடி வருகிறார்கள். அதைப் பெயர்க்க நீங்கள் வட்டி கட்டுவதா?

ஆத்தங்குடிக் கல்லை ஆசிட் போட்டுக் கழுவிவிடாதீர்கள், நிறம் போய்விடும். தண்ணீரில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். சுண்ணாம்புப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே தங்கி உரிந்து வரும். பூச்சை அப்படியே விடுங்கள்.

செலவழிக்க வேண்டிய இடம் கூரை. உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். ஒழுகல் கறையைப் பார்த்ததுமே வாங்குபவர் விலையைக் குறைப்பார். அப்புறம் வவ்வால் நாற்றம், அடைந்த கழிப்பறை, தொங்கும் மின்கம்பி. காட்டுகிற நாளில் காலையிலேயே வளவு (முற்றமுள்ள பகுதி) முதல் இரண்டாம் கட்டு வரை கதவுகளைத் திறந்து வையுங்கள். கதவையும் தூணையும் காரைக்குடி பழம்பொருள் கடைக்குத் தனியாகக் கொடுக்கும் ஆசை பங்காளிகளில் யாருக்காவது இருந்தால், இப்போதே பேசி முடியுங்கள். வீட்டைப் பார்த்துப்போன பிறகு ஒரு கதவு குறைந்தாலும் பேரம் முறியும்.

பெயின்டை விட நாலு கையெழுத்து முக்கியம். வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். மலேசியாக்காரர் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், இங்கிருப்பவர்கள் பங்கில் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடிப்பார். வெளிநாட்டில் வசிப்பவர் பங்கில் பிடித்தம் இதைவிட அதிகம். முன்கூட்டியே ஆடிட்டரைப் பார்த்தால், குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையில் விண்ணப்பிக்க வழி உண்டு.

வரிக்காக லாபத்தைக் கணக்கிட 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அசல் விலையாகக் காட்டலாம். அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிவிடுங்கள். சாதாரணப் பெயின்ட், பராமரிப்புச் செலவைக் கழிக்க முடியாது, புரோக்கர் கமிஷனைக் கழிக்கலாம். கூரைச் செலவை நாலு பேரும் பங்கு போடுங்கள், நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.